பை ரெடி, நோட்டு ரெடி! அத்திப்பட்டில் வீடு சந்திப்புக்குக் கிளம்பலாம், வாங்க!

முதலில் இந்தப் பையைத் திறந்து காட்டிவிடுகிறேன். சபையிலிருந்து வீடு சந்திக்கப் போகிறவர்கள் தோளில் என்னதான் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஆசை. பெரிய கறுப்பு வேதாகமம், ஒரு கட்டு கைப்பிரதி, அவ்வளவுதானே என்பார்கள். பாருங்கள்! இன்ச் டேப். நகவெட்டி. டார்ச். ஓ.ஆர்.எஸ். பாக்கெட். தண்ணீர் பாட்டில். கைநாட்டு வைக்க ஸ்டாம்ப் பேடு. போட்டோ ஒட்டக் கோந்து. ஜெராக்ஸ் எடுத்த விண்ணப்பங்கள். சேற்றில் இறங்குவதற்கென்றே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. எல்லாவற்றுக்கும் அடியில், உள்ளங்கையளவு புதிய ஏற்பாடு.

இன்ச் டேப் எதற்கு என்று கேட்டீர்களா? கிறிஸ்துமஸ் துணிக்கு! பிள்ளைகள் நிற்கிற நிற்பைப் பார்க்க வேண்டுமே. அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி, "போன வருசத்தவிட வளந்துட்டேன்ல அக்கா?" என்று கேட்பார்கள். டேப்பைப் பார்த்த நிமிடம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வரிசையில் நின்றுவிடும். எல்லோருக்கும் அளவெடுக்கிறோம். ஒருவரை மட்டும் எடுத்து ஒருவரை விடுவது எங்களால் ஆகாது.

நாங்கள் என்றால் யார்? ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், நர்சிங் படிக்கிற தங்கை ஒருத்தி, ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்து சேருகிற அண்ணன் ஒருவர், நான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் நடக்கும் ஓய்வுநாள் பாடசாலைக்குப் பிள்ளைகள் தாமாகவே வருகிறார்கள். அக்கா தம்பியை இழுத்துக்கொண்டு வருவாள், தம்பி தெருவையே இழுத்துக்கொண்டு வருவான். நிறையப் பிள்ளைகளின் வீட்டில் யாரும் கிறிஸ்தவர்கள் இல்லை. பாட்டுக்கு வருகிறார்கள், கதைக்கு வருகிறார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை வருகிறதே என்று வருகிறார்கள். அப்படி வருகிற பிள்ளை எங்கிருந்து வருகிறது, ராத்திரி எங்கே தூங்குகிறது, யார் தலை வாரிவிடுகிறார்கள் என்று தெரியாமல் அதற்குக் கதை சொல்லி என்ன பயன்? அதனால்தான் சனிக்கிழமைகளில் கிளம்பிவிடுகிறோம்.

ஊரைக் கொஞ்சம் சொல்கிறேன். சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறினால், எண்ணூர் தாண்டிக் கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் அத்திப்பட்டு புதுநகர், அடுத்தது அத்திப்பட்டு. ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள்! ஒரு பக்கம் கழிமுகத் தண்ணீர், நாரைகள், சின்னச் சின்னப் படகுகள். இன்னொரு பக்கம் வானத்தை முட்டும் புகைபோக்கிகள். வடசென்னை அனல்மின் நிலையம் 1994-ல் மின்சாரம் தயாரிக்கத் தொடங்கியது. முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாவது 1,200, 2024 மார்ச்சில் திறந்த மூன்றாவது 800. பக்கத்திலேயே வல்லூர் நிலையம் 1,500 மெகாவாட். 2001-ல் வந்த எண்ணூர்த் துறைமுகம் இப்போது காமராஜர் துறைமுகம். கடலோரம் காட்டுப்பள்ளித் துறைமுகம், எரிவாயு முனையம், நிலக்கரி யார்டுகள், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலைகள். இவற்றுக்கு நடுவே, இடுக்குகளில், பின்னால், ஓரங்களில் எங்கள் பிள்ளைகளின் வீடுகள்.

அதே 2001-ல் 'சிட்டிசன்' படம் வந்ததிலிருந்து வெளியூரில் எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னால், "வரைபடத்திலேயே இல்லாத ஊராச்சே!" என்கிறார்கள். படத்தில் வருகிற அத்திப்பட்டி கற்பனை. எங்கள் அத்திப்பட்டு ரயில் நிலையத்தோடு கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் செல்போன் வரைபடத்தில் கிடைக்காத வீடுகள் இங்கே ஏராளம். அதனால்தான் என் நோட்டின் நடுப்பக்கத்தில் பிள்ளைகளே வரைந்து கொடுத்த வழிப்படங்கள் இருக்கின்றன. "பைப் லைன் கீழ பூந்து வரணும்", "பச்சைத் தண்ணி டேங்க்", "நாய் இருக்கும், கடிக்காது", "ஆயா இட்லிக் கடை", "இங்க வந்து என் பேரச் சொல்லு." இதைவிட நல்ல வரைபடத்தை நான் பார்த்ததில்லை.

இப்போது உள் ரகசியத்துக்கு வருகிறேன். வீடு சந்திப்பு என்றால் ஜெபிக்கத் தெரிய வேண்டும், பேசத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறார்கள். அதெல்லாம் பிறகுதான். எந்த வீட்டில் இப்போது என்ன நேரம் என்பது தெரிந்திருக்க வேண்டும், அதுதான் முதல். சுவர்க் கடிகாரம் எல்லா வீட்டிலும் ஒரே மணிதான் காட்டும். வீடு நடப்பது வேறொன்றின்படி. ஒரு வீட்டுக்குக் கழிமுகத் தண்ணீர் ஏறி வத்துவது கணக்கு. இன்னொன்றுக்கு ஏ ஷிப்ட், பி ஷிப்ட், நைட். செங்கல் சூளை வீட்டுக்குப் பருவம். தண்ணீர் லாரி வருகிற தெருவில் லாரிதான் கடிகாரம். அது தெரியாமல் போனால் தூங்குகிறவரை எழுப்புவோம், வேலைக்குக் கிளம்புகிறவரை நிறுத்துவோம், குடம் வைத்துக் காத்திருக்கிறவரின் இடத்தைப் பறிப்போம். நாங்கள் கூடி ஒரு பட்டியல் போடுகிறோமே, அது பேர்ப் பட்டியல் இல்லை, நேரப் பட்டியல்!

காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் பக்கம் போகும்போது முதலில் தண்ணீரைத்தான் கேட்போம். நீர் வத்துகிற நேரத்தில் ஆற்றில் இறங்கினவர்கள் வீட்டில் இருக்கமாட்டார்கள். இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் நின்று சேற்றுக்குள் விரலை விட்டுத் தடவி இறால் பிடிக்கிற வேலையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வலை கிடையாது, தூண்டில் கிடையாது, கைதான்! பனையோலையில் பின்னிய பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, அகப்பட்ட இறாலை அதில் போட்டுக்கொண்டே நகர்வார்கள். இருளர் பெண்கள் இதில் கைதேர்ந்தவர்கள். மணிக்கணக்காகத் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய விரல்கள், செதில் கீறிய உள்ளங்கை. அந்தக் கையால் எங்களுக்குத் தண்ணீர்ச் சொம்பு நீட்டும்போது இரண்டு கையாலும் வாங்குகிறோம்.

ஒரு தடவை, வீட்டுக்குப் போனால் பூட்டியிருக்கிறது. எங்களைக் கூட்டிப்போன சின்னப் பெண் கொஞ்சமும் அசரவில்லை. கரைக்கு ஓடி, வாய் மேல் இரண்டு கையையும் குவித்து, "யம்மோவ்! டீச்சரக்கா வந்துகிறாங்க!" என்று ஒரு கூப்பாடு போட்டாளே, பாருங்கள்! அலையாத்திச் செடிகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் கூப்பாடு வந்தது. "குந்தச் சொல்லு, தோ வர்றேன்!" அரைமணி நேரம் கரையிலேயே உட்கார்ந்தோம். அவள் எங்களுக்கு நண்டு வளை காட்டினாள். எந்தச் சேற்றில் கால் வைக்கலாம், எதில் வைத்தால் புதையும் என்று சொல்லிக்கொடுத்தாள். வகுப்பில் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிற பெண் அவள். ஆற்றங்கரையில் எங்களுக்கே டீச்சர்! அந்த நொடியில் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேதுருவும் படகும் கதை வந்தபோது, "நீ சொல்லு" என்று அவளையே முன்னால் நிறுத்தினோம். வலை கிழிவது எப்படி, கனத்த வலையைத் தூக்கப் பக்கத்துப் படகை ஏன் கூப்பிட வேண்டும் என்று அவள் சொன்ன மாதிரி நாங்கள் யாரும் சொன்னதில்லை.

இன்னும் வடக்கே பழவேற்காடு. பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பட்டினவர் என்கிற மீனவச் சமூகத்தாரின் கிராமங்களில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னார் வலை கட்டலாம் என்று ஊரே முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறது. பாடு வருகிற நாளில் அந்த வீட்டில் யாரையும் பார்க்க முடியாது. பாடு இல்லாத நாளில் அப்பா வலை பொத்திக்கொண்டு திண்ணையில் இருப்பார், பேச நேரமும் இருக்கும். ஆகவே எங்கள் நோட்டில் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த நாள் இருக்கிறதோ இல்லையோ, பாடு நாள் இருக்கும். நடூர் மாதா குப்பம் போன்ற ஊர்களில் கிறிஸ்தவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. பழவேற்காட்டு மகிமை மாதா திருத்தலத்தின் தொடக்கத்தை 1515 என்று சொல்கிறார்கள். டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டைக்கும் முந்தியது! அங்கே ஒரு ஆயா எங்களைப் பார்த்து, "நேத்து வந்த பொண்ணுங்களா, உக்காருங்க, நான் சொல்றேன் கதை" என்று ஆரம்பித்துவிடுவார். சந்திக்கப் போன நாங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து கேட்போம்.

2023 டிசம்பரை இங்கே யாரும் மறக்கவில்லை. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கழிமுகத்தில் பரவியது. படகு, வலை, அலையாத்திச் செடி, வீட்டுச் சுவர் எல்லாம் கறுத்தன. மாதக் கடைசியில் அமோனியா கசிந்து ராத்திரியோடு ராத்திரியாக ஜனங்கள் ஓடினார்கள். அந்த வாரங்களில் வீடு சந்திப்பு என்பது எண்ணெய் பிடித்த சாமான்களைக் கூட உட்கார்ந்து தேய்ப்பதுதான். ஒரு பையன் தன் பாடப்புத்தகங்களைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டுக் காயவைத்திருந்தான், ஒவ்வொன்றுக்கும் துணி கிளிப் போட்டு. சமூக அறிவியல் மட்டும் காயவில்லை என்று கவலை அவனுக்கு.

சாம்பல் வீடுகளுக்கு வருவோம். செப்பாக்கம் பக்கம், அனல்மின் நிலையச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்து தேக்கும் குளத்தின் ஓரத்திலேயே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். ஆடிக் காற்று அடித்தால் உலர்ந்த சாம்பல் எழும்பி வரும். சோற்றுப்பானைக்கு மூடி, குடத்துக்கு மூடி, தொட்டிலுக்கு ஈரத்துணி. விடிந்ததும் ஒரு தரம், விளக்கு வைக்குமுன் ஒரு தரம் பெருக்கினாலும் பாயை உதறினால் மறுபடி சாம்பல். இந்தத் தெருவில் நர்சிங் தங்கைக்குத்தான் வேலை அதிகம். மூச்சு வாங்குகிற பிள்ளைகள் யார், எத்தனை நாளாக இருமுகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினார்களா என்று எழுதிக்கொண்டே போவாள். அவள் எழுதுகிற பக்கங்களைக் கையில் வாங்கிப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். தமிழ்நாட்டுக்கே விளக்கேற்றும் இடம் இது; இந்தப் பிள்ளைகளின் நெஞ்சுக்கு நல்ல காற்று வேண்டும் என்று உரக்கச் சொல்வதும் எங்கள் ஊழியத்தில் சேர்த்திதான் என்று நான் நம்புகிறேன்.

எங்கள் ஓய்வுநாள் பாடசாலைக்கு முன்னோடியான ஞாயிறு பள்ளி இயக்கமும் இப்படித் தொழிற்சாலை ஓரத்தில்தான் வேர்விட்டது! 1780-ல் இங்கிலாந்தின் கிளாஸ்டர் நகரம். ராபர்ட் ரெய்க்ஸ் என்கிற பத்திரிகைக்காரர், குண்டூசித் தொழிற்கூடங்களில் வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை தெருவில் திரிகிற பிள்ளைகளைப் பார்த்தார். புகைபோக்கி துடைப்பவர்கள் குடியிருந்த சந்து ஒன்றில் அவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். அப்போது அது பாட்டு வகுப்பு இல்லை, எழுத்து வகுப்பு. வேதாகமமே வாசிப்புப் புத்தகம். பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைக்க வீடு வீடாகப் போய்த்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிகிற தெருவில் நடக்கும்போதெல்லாம் அந்தச் சந்து எனக்கு ஞாபகம் வரும். கைதட்டிக் குதிக்க வேண்டும் போல இருக்கும்.

இப்போது சூளைகள். செங்குன்றம், பெரியபாளையம் பக்கம் 'சேம்பர்' என்று சொல்கிற செங்கல் சூளைகளுக்கு ஒடிஷாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பலாங்கீர், நுவாபடா, கலஹண்டி மாவட்டங்களில் அறுவடை முடிந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு ரயிலேறுவார்கள், மழைக்கு முன்னால் ஊர் திரும்புவார்கள். வெயிலுக்கு முன்னால் முடிக்கலாம் என்று ராத்திரியிலேயே கல் அறுக்க ஆரம்பிப்பார்கள். அறுத்த கல்லுக்கு ஆயிரம் கணக்கில் கூலி. கூலியைக் கூட்டிக் கழித்தாலும் முன்பணம் தீராமல் ஆட்களை அடைத்துவைத்த இடங்களும் உண்டு. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனாலும் 2011-ல் இந்த மாவட்டத்தின் ஒரு சூளையிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஒடிஷா தொழிலாளர்கள் விடுவிக்கப்பட்டார்கள். ஆகவே சூளை வீட்டுக்குப் போகும்போது கண்ணையும் காதையும் திறந்து வைத்துக்கொள்கிறோம். பிள்ளை கல் திருப்பிப் போடுகிறதா? ஆதார் யார் கையில் இருக்கிறது? ஊருக்குப் போக விடுவார்களா? எதையும் விசாரணை மாதிரிக் கேட்பதில்லை. சேர்ந்து உட்கார்ந்தால் தானாக வரும். சந்தேகம் பலமானால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன். அந்த நம்பரைப் பிள்ளைகளுக்கே பாட்டாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

மொழி? அட, அதுதான் இதில் கொண்டாட்டமே! "நாம கண?" என்று பேர் கேட்கக் கற்றுக்கொண்டு போனோம். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் சூளை மேஸ்திரியே திரும்பிப் பார்த்தார். சில சூளைகளில் ஒடியா பாடப்புத்தகங்களோடு வேலைத்தளப் பள்ளி நடந்திருக்கிறது. அரசும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து செய்த அருமையான வேலை அது. தாய்மொழியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, ஊர் திரும்பியதும் விட்ட வகுப்பிலேயே தொடரலாம். எங்கள் தமிழாசிரியை தரையில் உட்கார்ந்து அந்தப் பிள்ளைகளிடம் ஒடியா எழுத்து கற்றுக்கொள்கிறார். எழுத்துகள் எல்லாம் வட்ட வட்டமாக இருக்கின்றன என்று அவருக்குப் பரவசம். மழைக்கு முன்னால் அந்தக் குடிசைகள் காலி. நோட்டில் அவர்கள் பேருக்கு எதிரே ஊர், ஒன்றியம், அப்பாவின் போன் எண், "தைக்கு வருவாங்க" என்று மட்டும்.

இந்த வேலை எங்களுடையது மட்டுமில்லை என்பது எனக்குப் பெரிய தெம்பு. தாய்லாந்தின் மேற்கு மலைகளில், மே ஹோங் சோன் பக்கம், கரேன் இன மக்களின் கிராமங்களைச் சேர்ந்த பிள்ளைகள் படிப்புக்காக அடிவாரத்து விடுதிகளில் தங்குகிறார்கள். நம் ஊர் மிஷன் போர்டிங் போலத்தான். அவர்கள் வீட்டைப் பார்க்கத் தொண்டர்கள் சேற்றுப் பாதையில் மலையேறுகிறார்கள். செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏணிப்படி ஏறி, மூங்கில் தரையில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தால் சோறு வந்துவிடும். கரேன் மக்களிடையே கிறிஸ்தவம் வேரூன்றி இருநூறு வருடம் ஆகப்போகிறது. அவர்களில் கோ தா ப்யூ என்பவர் 1828-ல் ஞானஸ்நானம் பெற்றார். அந்த மக்களில் ஒரு கூட்டம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது! 1925-ல் பர்மாவிலிருந்து அந்தமானுக்கு வந்து, நடு அந்தமானின் மாயாபந்தர் பக்கம் காட்டைத் திருத்தி வெபி முதலான கிராமங்களை உண்டாக்கினார்கள். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினால் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்), அங்கிருந்து வடக்கே. என்றைக்காவது போய் அவர்கள் ஓய்வுநாள் பாடசாலையில் உட்கார வேண்டும் என்பது என் கனவு.

நம் பக்கத்துக்குத் திரும்புகிறேன். முன்பு வெளிநாட்டு ஆதரவோடு இங்கே நிறையச் சபைகளில் பிள்ளைகள் திட்டம் நடந்தது. கம்பேஷன் இன்டர்நேஷனல் 2017 மார்ச்சில் இந்தியாவில் வேலையை நிறுத்தியபோது அதன் திட்டத்தில் ஏறத்தாழ 1,45,000 பிள்ளைகள் இருந்தார்கள். அந்தக் காலத்தில் வீடு சந்திப்பு என்றால் படிவம் நிரப்பும் வேலையும் இருந்தது. இப்போது யாருக்கும் அறிக்கை அனுப்ப வேண்டியதில்லை. போவதற்கு லோக்கல் டிக்கெட்டும் பஸ் காசும் போதும். பணம் இல்லாமல் எதுவும் நடக்காது என்று சோர்ந்துபோகிறவர்களுக்கு இதை நான் அடித்துச் சொல்வேன்.

சரி, வாசலில் என்ன நடக்கிறது? பிள்ளைதான் முன்னால் போகும். இது கட்டாயம். "யார் வீட்டுக்கு வந்திருக்கிறோம்?" என்று கேட்டால் நெஞ்சை நிமிர்த்தி, "என் வீட்டுக்கு!" என்று சொல்ல வேண்டும். தனியாக யாரும் எந்த வீட்டுக்கும் போவதில்லை, இரண்டு பேராவது சேர்ந்தே போவோம். கதவைச் சாத்துவதில்லை. பிள்ளையைப் படம் எடுப்பதில்லை, வீட்டைப் படம் எடுப்பதில்லை. பரிசுப்பொருள் கொண்டுபோவதில்லை. ஒரு வீட்டுக்கு ஒன்று கொண்டுபோனால் பத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் நின்று பார்க்கும். கொடுக்கிற டீயை வேண்டாம் என்பதே இல்லை. பக்கத்து வீட்டில் டம்ளர் இரவல் வாங்கி, கடையில் பால் பாக்கெட் வாங்க ஒரு பையன் பறந்து, டீ வந்து சேரும்வரை அந்த வீட்டில் ஒரு திருவிழா. அதைக் கெடுக்க நாங்கள் யார்?

வீட்டுச் சுவரில் அம்மன் படம் இருக்கும், மஞ்சள் குங்குமம் இருக்கும், இருளர் வீடுகளில் கன்னியம்மாள் இருப்பாள். அவர்கள் சாமியைப் பற்றி ஒரு சொல் தவறாகப் பேசமாட்டோம். எழுந்திருக்குமுன், "ஜெபம் பண்ணலாமாம்மா?" என்று கேட்போம். வேண்டாம் என்றால் சந்தோஷமாக வணக்கம் சொல்லிவிட்டு வருவோம், அடுத்த மாதமும் அதே சந்தோஷத்தோடு போவோம். பண்ணுங்கள் என்றால் எதற்காக என்று கேட்டுக்கொள்வோம். கேட்பதெல்லாம் எவ்வளவு துல்லியம் தெரியுமா! "கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும்." "மூத்தவளுக்கு ரத்தம் ஏறணும்." "வலைக் கடன் அடையணும்." "இவன் கணக்குல பாஸாவணும்." இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி ஜெபிப்பார் எங்கள் தமிழாசிரியை. கணக்கில் தேறாத பையன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே நிற்பான்.

பிறகுதான் நோட்டு. ரயில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து எழுதுவோம். உபதேசமெல்லாம் அதில் இருக்காது. "இனச் சான்றிதழ் இல்லை" என்பதுதான் அடிக்கடி வரும் வரி. இருளர் பிள்ளைகளுக்குப் பழங்குடியினர் சான்றிதழ் கிடைக்கத் தாமதமாகும்போது உதவித்தொகையும் மேற்படிப்பும் நின்றுவிடுகின்றன. எட்டாவது தாண்டியவர்கள் இறாலுக்கோ கம்பெனி வேலைக்கோ போய்விடுவார்கள். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு யார் கூடப் போவது, எந்த நாள், என்னென்ன காகிதம் என்று அங்கேயே பிரித்துக்கொள்வோம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022-லும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-லும் வந்தன. அதைப் போய்ச் சொல்லும்போது சில அம்மாக்களின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்! கொரோனா ஊரடங்கு தளர்ந்து 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது எங்கள் சபைப் பெண்கள் சிலர் அதிலும் தன்னார்வலராகச் சேர்ந்தார்கள். கும்மிடிப்பூண்டி மறுவாழ்வு முகாமில் 1990 முதல் வாழ்கிற இலங்கைத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வேறு வகைக் காகிதங்கள், வேறு வகைக் காத்திருப்பு. அதற்கு நோட்டில் தனிப் பகுதி.

இதோ, டிசம்பர் வருகிறது! கேரல் ரவுண்ட்ஸ் பட்டியல் போட உட்கார்ந்தோம், பிள்ளைகளே போட்டார்கள், என்ன அமளி! வீடு தெரியும், வீட்டின் நேரம் தெரியும், அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு வாதம். புதுநகர்ப் பையன் சொல்கிறான்: "எங்கப்பா பி ஷிப்டு, பத்து மணிக்கு மேல வந்தாத்தான் இருப்பாரு." குப்பத்துப் பெண்: "எட்டு மணிக்குள்ள வந்துடணும், ராத்திரி வலைக்குப் போய்டுவாங்க." செப்பாக்கத்துச் சின்னவள் தம்பி தூங்குமுன் வர வேண்டும் என்கிறாள், அவன் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்த்ததே இல்லையாம். தாத்தா வேஷம் யாருக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை. டிரம் அடிக்க மூன்று பேர் சண்டை. வேன் ஓட்டுகிற அண்ணன் நடுவில் வந்து, "காட்டுக்குப்பம் உள்ரோட்டுல வண்டி போவாது, சொல்லிட்டேன்" என்றார். "நடந்தே போலாம்ணே!" என்று எல்லோரும் ஒரே குரலில். டிரம்மைத் தூக்க ஆள் எழுதியாயிற்று. டார்ச்சுக்கு பேட்டரி வாங்கணும்.